ஆண்கள் கூடுகை: கேட்டவையும் சொன்னவையும்

ஆண்கள் ஐக்கிய சங்கம் ஒருபுறம் நடக்கட்டும் என்று, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து மனம்விட்டுப் பேசி ஜெபிக்கிற சிறு குழுக்களைப் பாளையங்கோட்டைப் பக்கம் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். அதைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. யார் பெயரும் போடவில்லை, ஊரும் தொழிலும் போதும்.

சாத்தான்குளம், பலசரக்குக் கடை: அண்ணாச்சி, எங்க சபை ஆண்கள் சங்கத்துல பேரு அறுபது இருக்கு. மாசம் ஒரு தடவை கூடுவோம். பாட்டு, செய்தி, காணிக்கை, வடை, டீ. போன மாசம் ஒரு சகோதரர் கடன் தொல்லையில ஊரையே விட்டுப் போயிட்டாரு. பக்கத்து நாற்காலியில உக்காந்தவருக்கே விஷயம் தெரியலை. எங்க தப்பு?

கூட்டத்தில் தப்பில்லை. அறுபது பேருக்கு நடுவில் எவனும் தன் கடனைச் சொல்ல மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். சபை அசன விருந்துக்குப் பந்தல் போட, விடிய விடியச் சோறு வடிக்க நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. ஒரே அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவார்கள். ஆனால் இவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சேர்ந்து உழைக்கப் பழகியிருக்கிறோம், ஒருவனை ஒருவன் விசாரிக்கப் பழகவில்லை.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கூட்ட அரங்கு கட்டிய கடனை அடைக்க யோசித்தார்கள். கப்பல் கேப்டனாக இருந்த ஒருவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். பலருக்கு அதுகூட வழியில்லையே என்றதற்கு, ‘பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாராவாரம் போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவனுக்கு நானே போட்டுவிடுகிறேன்’ என்றார். அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்கள். காசு வாங்க வீடுவீடாகப் போனவர்கள் வேறு செய்தியோடு திரும்பினார்கள்: இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. வெஸ்லி அதை உடனே பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்குப் போட்ட ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. அப்புறம் வீட்டுக்குப் போவதை விட்டு, வாரம் ஒரு நாள் பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூட ஆரம்பித்தார்கள்.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. ஆக இது நமக்கும் பாத்தியப்பட்ட சொத்துதான். கட்டடங்களையும் பள்ளிக்கூடங்களையும் கவனமாக வாங்கிக்கொண்டோம், இதை விட்டுவிட்டோம்.

உங்கள் சங்கத்தைக் கலைக்க வேண்டாம். அந்த அறுபதில் மூன்று பேரை மட்டும் பாருங்கள். மச்சான், மாப்பிள்ளை வேண்டாம். உங்கள் கடையில் கணக்கு வைத்திருக்கிறவர் வேண்டவே வேண்டாம், பாக்கி வைத்தவன் எதிரில் மனசு திறக்காது. வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு மணிநேரம். ஆலய வெஸ்டிரியில், அதாவது குருவானவர் அங்கி மாற்றும் அறையில், வைக்காதீர்கள். சாவி கேட்கப் போனாலே பாதி ஊருக்குத் தெரிந்துவிடும்.

தூத்துக்குடி, துறைமுக ஊழியர்: சரி, கூடிவிட்டோம். என்ன பேசுவது? வேதபாடம் நடத்த யாருக்கும் தெரியாது.

நடத்தவே வேண்டாம். வேதபாடம் ஆரம்பித்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் முக்கால் மணிநேரத்தை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சங்கீதத்தில் ஒரு பகுதி வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் குழுவுக்கு முன்பே, 1738 டிசம்பரில், இன்னும் சிறிய குழுக்களுக்கு வெஸ்லி விதிகள் எழுதினார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. அதிலும் மணமானவர் தனி, ஆகாதவர் தனி. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டியவை: போன தடவை கூடினதிலிருந்து அறிந்து செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? அதிலிருந்து எப்படித் தப்பினாய்? பாவமா இல்லையா என்று தெரியாமல் செய்தது, சொன்னது, நினைத்தது ஏதாவது உண்டா?

முதல் வாரமே இதைக் கேட்டால் இரண்டாம் வாரம் ஒருவரும் வர மாட்டார். நான் தொடங்கி வைக்கிற குழுக்களில் கேட்பது மூன்று: இந்த வாரம் எதற்காகக் கோபப்பட்டீர்கள்? வீட்டில் யாரோடு சரியாகப் பேசவில்லை? யாருக்கும் தெரியக் கூடாது என்று எதைச் செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர மாதக்கணக்காகும். கேட்பதை நிறுத்தாதீர்கள், நோண்டவும் செய்யாதீர்கள்.

நாசரேத், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இது கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனம் மாதிரி இருக்கிறதே, ஐயா?

இல்லை ஐயா. இங்கே பாவமன்னிப்பு வழங்குகிறவர் யாரும் இல்லை. ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. கேட்கிறவரும் அடுத்த ஐந்து நிமிஷத்தில் சொல்கிறவர் ஆகிறார்.

சென்னை, ஐடி வேலை, வயது 24: பிரதர், ராத்திரி ரூமில் போனில் ஆபாசப் படம் பார்க்கிற பழக்கத்தை விட முடியலை. ஒவ்வொரு கன்வென்ஷனிலும் அழுது ஒப்புக்கொடுக்கிறேன், பத்து நாளில் திரும்பவும் அதே கதை.

தம்பி, இதைக் கேட்டு எழுதியவர்களில் நீ ஒருவன்தான் என்று நினைக்காதே. இந்தத் தடவை அதிகமாக வந்த கேள்வியே இதுதான்.

கண்ணீர் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்வென்ஷன் பந்தலில் எடுத்த தீர்மானம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உன் அறைக்குள் வந்து உட்காராது. நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் எவாகிரியுஸ் என்ற துறவி இருந்தார், 399-ல் இறந்தவர். மனிதனைத் தாக்குகிற எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார்: பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், பெருமை. அவர் சொல்லித்தந்த பயிற்சி எளிமையானது. எண்ணத்தோடு சண்டைக்குப் போகும் முன் அதைக் கவனி. எப்போது எழும்புகிறது, எப்போது தணிகிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது என்று பார்.

நீயும் இரண்டு வாரம் குறித்து வை. என்ன கிழமை, எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது. மேனேஜரிடம் திட்டு வாங்கிய நாளா? சாப்பிடாமல் படுத்த நாளா? வீட்டுக்குப் போன் பேசி மனசு கனத்த நாளா? பெரும்பாலும் இச்சைக்கு முன்னால் வேறொன்று வந்து கதவைத் திறந்துவிட்டிருக்கும்; அதிகமாக நான் பார்த்தது தனிமையும் சலிப்பும்தான். அந்தக் கதவு எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். போன் சார்ஜரைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, ரூம்மேட் இருக்கும் ஹாலில் மாட்டு. காலையில் எழும்ப நூறு ரூபாய்க்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கு. நம்பகமான ஒருவரிடம், ‘அண்ணே, எத்தனை மணியானாலும் போன் போடுவேன்’ என்று சொல்லி வை. விழுந்த பிறகு கூப்பிடுவது பாவ அறிக்கை. விழுமுன் கூப்பிடுவதுதான் உனக்கு இப்போது தேவை. கூப்பிட்டு இதைத்தான் பேச வேண்டும் என்றில்லை, கிரிக்கெட் ஸ்கோர் பேசினாலும் அந்த இருபது நிமிஷம் கடந்துவிடும். இவ்வளவும் செய்தும் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்த்தாண்டம், குழுத் தலைவர்: குழுவில் ஒருவர் சொன்னது, ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் மறுநாளே பெண்கள் சங்கம் வரைக்கும் போய்விட்டது. இனி யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

பேச மாட்டார்கள், சரிதான். வெளியே கொண்டுபோனவர் யாரென்று தெரிந்தால் குழுவிலேயே மன்னிப்புக் கேட்கச் சொல்லி, பிறகு அவரை வெளியே அனுப்புங்கள். கேட்டதை மனைவியிடமும் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே பேசி முடித்திருக்க வேண்டும்.

இரண்டு விதிவிலக்கு உண்டு, அவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். ஒன்று, உயிருக்கு ஆபத்து. மற்றது, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம். 2012-ம் வருஷத்து போக்சோ சட்டப்படி அது தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஜெபக்குழுவில் கேட்டது என்று மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

ஒரு சகோதரி, திருநெல்வேலி: ஆண்களுக்கான பகுதியில் நான் கேட்கலாமா தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஐக்கியத்தில் ஆட்டுக்குட்டி. வீட்டுக்குள் வந்தால் இடி முழக்கம். கூட்டத்துக்குப் போவது கூடியிருக்கிறது, குரல் குறையவில்லை.

கட்டாயம் கேட்கலாம் அம்மா. உங்கள் கேள்வியை எல்லாக் குழுக்களிலும் வாசிக்கச் சொல்லப்போகிறேன்.

வெஸ்லியை இவ்வளவு பேசிவிட்டு அவர் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1751-ல் மேரி வாஸேல் என்ற விதவையை மணந்தார். பிரயாணம் ஓயவில்லை, வீடு நிம்மதியாக இல்லை. 1771-ல் அந்த அம்மா வீட்டை விட்டுப் போனபோது அவர் நாட்குறிப்பில் எழுதியது: ‘நான் அவளை விட்டுவிடவில்லை, அனுப்பிவிடவுமில்லை, திரும்ப அழைக்கவும் மாட்டேன்.’ இரண்டு பக்கமும் குறை இருந்தது என்பார்கள். இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தையை வாசிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மனைவியைக் கனப்படுத்தாவிட்டால் ஜெபத்துக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 எழுதியிருக்கிறது. அதனால் எங்கள் குழுக்களில் சில மாதத்துக்கு ஒருமுறை, ‘வீட்டில் நீ எப்படி?’ என்பதற்கு அவரே பதில் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. மனைவியிடம் கேட்டு வந்து சொல்ல வேண்டும். அந்த வாரம் வருகை கொஞ்சம் குறையும். உங்கள் வீட்டுக்காரர் குழுவிலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இடி முழக்கம் என்று நீங்கள் சொல்வது கை நீட்டுவதாக இருந்தால், ஜெபித்துக்கொண்டே பொறுத்திருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். 181 பெண்கள் உதவி எண். கூப்பிடுங்கள்.

கோவில்பட்டி, தீப்பெட்டித் தொழில்: ஆறு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது. விசுவாசக் குறைவு, உபவாசம் இருங்கள் என்கிறார்கள்.

தம்பி, முதலில் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு சேவை, இலவசம், தமிழில் பேசலாம். இன்றைக்கே. தனியாக இருக்க வேண்டாம், ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விசுவாசக் குறைவு பற்றி. கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசிதான் அதற்கப்புறம் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்றார். 1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாக வாசியுங்கள். தூதன் கண்டிக்கவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரயாணம் அதற்கப்புறம்தான்.

உபவாசத்தை நிறுத்துங்கள். அரசு மருத்துவமனையிலோ வேறு நல்ல இடத்திலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சிஎம்சி கிறிஸ்தவ ஊழியமாக ஆரம்பித்ததுதான், அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள், யாரோ தலையில் கைவைத்து ஜெபித்தார்கள் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். குழு நண்பர்களுக்கு ஒரு வேலை: ஆலோசனை சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கூட்டிக்கொண்டு போங்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் இறக்குமதி செய்தது போல இருக்கிறதே, அங்கிள்?

யோனத்தான் காட்டுக்குப் போய் தாவீதின் கையைத் தேவனுக்குள் திடப்படுத்தினான் என்று 1 சாமுவேல் 23-ல் இருக்கிறது. அது இங்கிலாந்து இல்லை.

நம்ம ஊர்க்காரர் ஒருவரையும் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி. எஸ். அசரியா. 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர், பிறகு தோர்ணக்கல் பேராயர். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். தர்மம் செய்கிறவர்கள் சமமாக உட்காரவில்லை என்ற குறை அது. இன்றைக்கு நம் சபைகளில் கமிட்டிக்காரரும் கூலிக்காரரும் ஒரே பாயில் உட்காருகிறார்களா என்று கேட்டால் அதே குறைதான்.

மஸ்கட், எலக்ட்ரீஷியன்: ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒரே ரூமில் ஆறு பேர். குழு எப்படி?

ஊரில் இருவரைப் பிடித்து வாரம் ஒரு போன் அழைப்பு. எழுதி அனுப்ப வேண்டாம், குரலில் பேசுங்கள். நீங்கள் அனுப்புகிற பணத்தைப் பற்றியே பேசாத இருவராக இருக்கட்டும்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: நானும் இன்னொருவரும் திருச்சபை நிர்வாகத்துக்கான பெருமன்றத் தேர்தலில் எதிரெதிர் அணி. ஒரே குழுவில் இருக்க முடியுமா?

முடியும், நல்லதும்கூட. வேட்புமனுத் தாக்கலிலிருந்து முடிவு வரும்வரை தேர்தல் பேச்சு எடுக்கிறவர் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை, ஆட்டோ ஓட்டுநர்: ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம் அண்ணாச்சி. ஒருத்தரும் வாய் திறக்கலைன்னா?

நீங்கள் முதலில் சொல்லுங்கள். பெரிய பாவத்தை எடுத்து வைக்காதீர்கள், பயந்துவிடுவார்கள். டிராபிக்கில் எவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள், ஆட்டோக்காரருக்கு அதற்குப் பஞ்சம் இருக்காது. மூன்று வாரம் கழித்தும் குருவானவர் மாற்றலையும் கல்லறைத் தோட்டத்துச் சுவரையுமே பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்ப்போம்.