அப்பாவுக்குப் பெயர் வரவில்லை, முகம் தெரிகிறது: இது வயதா, வருத்தமா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 74 வயது, கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கிறார். வீடியோ கோலில் பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிறார். ஆனால் நல்லூர்த் திருவிழாவில், பள்ளிக்கூடத்தோடு பிரிந்த கூட்டாளி ஒருவரைச் சனத்துக்குள்ளே கண்டதும் கண்டுபிடித்துவிட்டார். மறதியா, இல்லையா?

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி உங்கள் அப்பா வயதுக்காரர்தான். அதனால் இந்த விசயத்தைக் கிட்ட இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு நிறையவே உண்டு.

நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் முரண் ஒன்றுமில்லை. எந்த உதவியும் இல்லாமல் ஒரு பெயரை மனதிலிருந்து தேடி எடுப்பது ஒரு வேலை. கண் முன்னே நிற்பதைப் பார்த்து ‘இது எனக்குத் தெரிந்தது’ என்று பிடிப்பது வேறொரு வேலை. வயது போகப்போக முதலாவதுதான் கூடுதலாகத் தளர்கிறது. 1966இல் ஸ்கொன்ஃபீல்ட், ராபர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினருக்கு 24 சொற்களைக் காட்டினார்கள். பார்க்காமல் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னபோது இருபதுகளில் இருந்தவர்கள் சராசரியாக 14 அளவில் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதில் பாதியளவுதான் வந்தது. அதே சொற்களை வேறு சொற்களோடு கலந்து வைத்து, முன்பு கண்டது எது என்று கேட்டபோது இரு பகுதியும் 20 அளவில் சரியாகச் சொன்னார்கள்.

எங்கள் கவுண்டரில் இது தினமும் நடக்கிறது. வயதான ஐயா ஒருவர் வருவார், மருந்துகளை எழுதிக் கொடுக்கும் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டிருப்பார். “என்ன குளிசை ஐயா?” என்றால் முழிப்பார். “பிரஷருக்குத் தாறது தம்பி, வெள்ளை, சின்னன்” என்பார். வெள்ளையும் சின்னனுமான குளிசை எங்களிடம் ஒரு றாக்கை நிறைய இருக்கிறது. நான்கைந்து அட்டைகளை எடுத்து வைத்தால் உடனே விரலை வைப்பார்: “இது!” பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கொப்பியைப் பார்க்காமல் நாங்கள் கொடுப்பதில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

பழைய கூட்டாளியின் முகத்தை அடையாளம் கண்டதும் அதிசயமில்லை. 1975இல் பாரிக் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 392 பேரிடம் அவர்களின் பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். பள்ளி முடித்து 30 வருசம் கடந்தவர்களும் கூடப் படித்தவர்களின் முகங்களை 90 சதவீதம் அளவில் சரியாகப் பிடித்தார்கள். படமில்லாமல் பெயரைச் சொல் என்றபோது அந்த அளவுக்கு வரவில்லை. இளமையில் வருசக்கணக்கில் நாளாந்தம் பார்த்த முகம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பேரப்பிள்ளைகளின் பெயர் அப்படி இல்லை. எழுபது வயதுக்குக் கிட்டத்தில் வந்த புதுப் பெயர், அதுவும் கிழமைக்கு ஒருமுறை போன் திரையில். முகமும் பெயரும் தனித்தனியே தெரிந்திருந்தாலும், எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்ற அந்த முடிச்சுத்தான் வயதானவர்களுக்குச் சீக்கிரம் அவிழ்கிறது. நவே பெஞ்சமின் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலிருந்து இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மற்றது, பிள்ளைகளுக்கு இப்போது வைக்கிற பெயர்களைப் பாருங்கள்: ஆரவ், ஆதவ், ஆரவி. சிக்னல் விட்டு விட்டு வரும் கோலில் எனக்கே பிரித்துக் கேட்காது. (அந்த முடிச்சை ஊர்ச்சனம் தங்கள் பாட்டில் போட்டுக்கொள்ளும். “நீ ஆற்றை மோன்? எந்த வீடு?” என்று கேட்டுத் தகப்பன், ஒழுங்கை, கிணறு என்று போய்த்தான் ஆளைப் பிடிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது எரிச்சல்தான். ஞாபகத்துக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.)

இனி, கொப்பியைக் கேட்கிற காரணம். ‘தெரிந்தது மாதிரி இருக்கு’ என்ற உணர்வு வயதானவர்களிடம் கெடாமல் நிற்கும். எங்கே கண்டேன், எப்போது கண்டேன் என்ற விவரம் அதிலிருந்து கழன்றுவிடும். அதனால் ஒன்றைப்போல இருக்கிற இன்னொன்றையும் ‘இதுதான்’ என்று உறுதியாகச் சொல்வார்கள். கம்பெனி மாறி அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால் “இது என்ரை குளிசை இல்லை” என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டு; அது பரவாயில்லை, பிழையாக ஒன்றும் உள்ளே போகவில்லை. புதிதாக எழுதிய குளிசை பழையதைப்போல இருந்து, இரண்டையும் ஒன்றென்று நினைத்து விழுங்குவதுதான் பயம். காலையில் குளிசை போட்டேன் என்பதும் அப்படித்தான்: போட்ட ஞாபகம் இருக்கும், அது இன்றைக்கா நேற்றைக்கா என்பது இருக்காது. கிழமை நாட்களுக்குப் பிரித்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

எதைக் கண்டால் யோசிக்க வேண்டும்? பெயர் தடுமாறி, ‘க’வில் தொடங்கும் என்று எடுத்துக் கொடுத்ததும் வந்தால் அது பெரும்பாலும் வயது. எடுத்துக் கொடுத்தும் வராவிட்டால், சொன்ன கதையையே கொஞ்ச நேரத்தில் திரும்பச் சொன்னால், தெரிந்த ஒழுங்கையில் வழி தவறினால், காசுக் கணக்கு குழம்பினால், அல்லது முகமே தெரியாமல் போனால் டொக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது வேறு விசயம்: சலத்தில் கிருமி, உப்புக் குறைவு, காய்ச்சல் என்று ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள்.

‘அறளை பேந்திட்டுது’ என்று வீட்டில் முடிவு கட்ட முதல் சிலதைச் சரிபார்க்கலாம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்து வருசக்கணக்காக மெட்போர்மின் போடுகிறவரென்றால் விற்றமின் பி12 குறைந்திருக்கலாம். பி12 குறைந்தால் ஞாபகம் தடுமாறும். தைரொயிட்டும் மனச்சோர்வும் அப்படியே. தடிமனுக்கென்று கேட்டு வாங்கும் மஞ்சள் குளிசை, குளோர்பெனிரமின், வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும், நித்திரைக் குளிசையும்தான். காதையும் கண்ணையும் விட்டுவிடாதீர்கள். பராமரித்தால் முதுமை மறதி நோயின் ஆபத்தைக் குறைக்கக்கூடிய 14 காரணிகளை லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்டபோது செவிப்புலன் இழப்பும் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடும் அதில் இருந்தன. எங்கள் ஆட்கள் வெண்புரைக்கு ஒப்பரேசன் செய்வார்கள், காதுக்கு மிசின் போடச் சொன்னால் வெட்கப்படுவார்கள்.

கோலில் “நான் யாரெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று பிள்ளைகளைக் கேட்க விடாதீர்கள். அது சோதனை, அதுவும் அவருக்குக் கஷ்டமான பகுதியில். “அப்பப்பா, நான் ஆரவ், மூத்தவன்” என்று பிள்ளையே தொடங்கட்டும்.

அம்மாவிடம் தனியே ஒருக்கால் கதையுங்கள். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவர் அப்பாவின் தடுமாற்றத்தைத் தன்னை அறியாமலே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ‘எப்படி இருக்கிறார்’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கிறார்’ என்றுதான் சொல்வார். போன மாதம் கரண்ட் பில்லை யார் கட்டினது, குளிசையை யார் எடுத்துக் கொடுக்கிறது என்று கேளுங்கள்.