குழந்தை முதலில் வரப்போகும் வீடு எது?

கேள்வி: எனக்கு இது 34ஆம் வாரம். முதல் குழந்தை. திருப்பூரில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மேசை முனையில் ஒட்டும் ரப்பர், பிளக் மூடி, அலமாரிப் பூட்டு என்று கணவர் வாங்கிக் குவித்துவிட்டார். அப்படியும் எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால்கனிக் கம்பியை அளந்து பார்க்கிறேன். அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறேன். அதற்குள் இங்கே என்னென்ன செய்து முடிக்க வேண்டும்?

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை நேராக வரப்போவதும் அங்கேதான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் அது திருப்பூர் வீட்டுப் படி ஏறும். அதனால் இப்போது பார்க்க வேண்டியது அம்மா வீட்டை.

பிறந்த குழந்தை இருந்த இடத்தை விட்டு நகராது. குப்புற விழவே நான்கு மாதம் போல ஆகும். தவழ ஏழெட்டு மாதம். மேசை முனையும் பிளக்கும் அதுவரை காத்திருக்கலாம். முதல் மூன்று மாதம் கவலைப்பட வேண்டியது படுக்கை, துணி, புகை, பிறகு குழந்தையைத் தூக்கும் கைகள்.

படுக்கையிலிருந்து தொடங்குங்கள். குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அமுங்காத, சமமான விரிப்பு போதும். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று பாட்டி தைத்துத் தரும் கடுகுத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுப் பழக்கினால் தலையின் பின்பக்கம் தட்டையாவது குறையும். உங்கள் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், தனி விரிப்பில் தூங்கட்டும். சோபாவில் குழந்தையை அணைத்தபடி நீங்கள் கண் அசந்துவிடக் கூடாது.

தூளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நானும் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் சேலை குழிந்து தொங்கும்போது பச்சிளங்குழந்தையின் கழுத்து மடங்கி, முகவாய் நெஞ்சில் போய் அழுந்தும். அப்படி ஆனால் மூச்சு தடைப்படும், சத்தமும் வராது. தலை நிற்காத மாதங்களில் சமமான படுக்கையே நல்லது. அழுகையை அமர்த்தக் கொஞ்ச நேரம் போட்டாலும், கண்ணுக்கு முன்னால் வைத்திருந்து, தூங்கியதும் எடுத்துக் கீழே படுக்க வையுங்கள்.

அடுத்து, ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று. குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பீரோவிலிருந்து பழைய பருத்திச் சேலைகளை எடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். அந்தத் துணிக்குள் அந்துருண்டை கிடந்தால்தான் சிக்கல். அதில் உள்ள நாஃப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். மூளையையே பாதிக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதனால் போன அன்றே அம்மாவின் பீரோவிலிருந்து உருண்டைகளை வெளியேற்றுங்கள். குழந்தைக்கான துணியை உருண்டையே படாத இடத்திலிருந்து எடுத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்துத் தனியாக வையுங்கள். இந்த ஒரு வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

குளிப்பாட்டிய பிறகு போடும் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் இரண்டின் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. கொசுவுக்கு வலை போதும். குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, தொப்புளில் எதையாவது வைப்பது, கண்ணுக்கு மை தீட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிடலாம். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நோய் வரும் ஆபத்து இருக்கிறது. முதல் வாய் உங்கள் சீம்பாலாக இருக்கட்டும்.

இதையெல்லாம் பாட்டியிடம் யார் சொல்வது? பிரசவமான வீட்டில், பச்சை உடம்போடு, நீங்கள் வாதாட வேண்டாம். கிளம்பும் முன் ஒரு மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று என் தலையில் போடுங்கள். கூடவே அவர்களுக்கு வேலையும் கொடுங்கள்: வருகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவினார்களா, காய்ச்சல் சளி உள்ளவர்கள் தூக்காமல், யாரும் வாயில் முத்தமிடாமல் இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பாட்டிக்கு. பெரும்பாலான பாட்டிகள் அதை என்னைவிடக் கறாராகச் செய்வார்கள்.

ஒரு தாளில் இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வெட்டு (வலிப்பு), ஓய்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு சில்லிடுவது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது, 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸுக்கு 108. ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் இருப்பார் என்று உங்கள் அப்பாவை இப்போதே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு மணி விஷயம். கடைசி மாதங்களில் தூக்கம் கலைவதும் மனம் வீட்டைச் சுற்றி வருவதும் சகஜம். தலையில் ஓடுவதைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் படுத்துப் பாருங்கள். ஆனால் பல நாட்களாகத் தூக்கமே இல்லை, அளந்ததையே திரும்பத் திரும்ப அளக்கத் தோன்றுகிறது என்றால், அடுத்த செக்கப்பில் உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

திருப்பூர் வீட்டை உங்கள் கணவரிடம் விடுங்கள். அவருக்குச் சில மாதம் இருக்கிறது. வாங்கிய சாமான் எதுவும் வீணில்லை, குழந்தை தவழும் முன் மாட்டினால் சரி. அதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்கட்டும். நீங்கள் அளந்த பால்கனிக் கம்பியின் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நைலான் வலை கட்டச் சொல்லுங்கள். குழந்தை தவழத் தொடங்கியதும் பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகு போட்டதாக இருக்கட்டும்.