வஞ்சிரமும் வவ்வாலும்

ஐயா,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். நைனா விசைப்படகு ஓட்டியவர். பக்கவாதம் வந்தபின் வஞ்சிர மீனைக் காட்டினால் வவ்வால் மீன் என்கிறார், சாவியைப் பூட்டு என்கிறார். புத்தி பேதலித்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஒரு நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்புகளைப் போல இணைப்புகள் வழியே கற்கும் கணினி நிரல்) செய்து, அவர் எப்போது சரியாகப் பேசுவார் என்று கணிக்க முடியுமா?
ர.

அன்புள்ள ர.,

நாள் குறிக்க நான் ஜோசியன் இல்லை. அதை விடுங்கள். 'புத்தி பேதலித்துவிட்டது' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அதுவும் நியூரல் நெட்வொர்க் படிக்கிற பிள்ளைக்கு?

1991இல் கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டனும் நரம்பு உளவியலாளர் டிம் ஷாலிஸும் ஒரு சின்ன நெட்வொர்க்குக்கு 40 சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தைக் கொடுத்தால் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதன் இணைப்புகளை வேண்டுமென்றே அறுத்தார்கள். அது கண்டபடி உளறவில்லை. பொருளில் பக்கத்து வீட்டுச் சொல்லையோ, எழுத்தில் ஒத்த சொல்லையோ எடுத்துக் கொடுத்தது. மழைத்தண்ணீர் கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு ஓடுவதுபோல, அந்த நெட்வொர்க்கில் ஒவ்வொரு பொருளும் ஒரு பள்ளம். அடிபட்டால் வரப்பு உடைந்து அடுத்த பள்ளத்தில் போய் விழும். அவர்கள் பார்த்தது வாசிப்புக் கோளாறு. உங்கள் நைனாவுக்கு வருவதுபோல் பெயர் சொல்வதில் வரும் பிழைகளுக்கு 1997இல் உளவியலாளர் கேரி டெல்லின் குழு வேறொரு மாடல் செய்தது, தேடிப் படியுங்கள்.

வஞ்சிரத்தைப் பார்த்து உங்கள் நைனா நாற்காலி என்றா சொன்னார்? மீனுக்கு மீன்தானே சொன்னார்! அவ்வளவு தூரம் சரியாக வந்து கடைசிப் படியில் தடுக்கியவரையா புத்தி இல்லாதவர் என்கிறீர்கள்?

தண்டையார்பேட்டையில் என் பெரியம்மாவுக்கும் இதுதான். காபி வேண்டுமென்றால் 'டீ' என்பாள். டீயைக் கொடுத்தால் டம்ளரைத் தள்ளிவிடுவாள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், மருமகள் 'கொழுப்பு' என்பாள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவள் எதற்குத் தள்ளுகிறாள்? ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சிரிப்புக்குப் பயந்து கேட்பதையே விட்டுவிட்டாள். அந்த வீட்டார்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கொஞ்சம் உங்கள்மேலும் வழிந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் பிறகு ஆகட்டும். முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும், அதனால் இந்த வாரமே ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப்போங்கள். நைனாவின் சொல்லை முந்திக்கொண்டு நீங்கள் முடிக்காதீர்கள். வவ்வால் என்றால் இரண்டு மீனையும் முன்னால் வைத்து, 'எது நைனா?' என்று கேளுங்கள். கையால் காட்டுவார். வீட்டில் இன்னொரு தடவை யாராவது புத்தி பேதலித்தது என்றால், இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.