வீட்டில் இரண்டு டன் புத்தகம்

கேள்வி: வயது 63. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்னை மடிப்பாக்கத்தில் 850 சதுர அடி ஃபிளாட், இரண்டாம் மாடி. நாற்பது வருடமாகச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள் ஏறக்குறைய 3,000 இருக்கின்றன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்த வால்யூம்கள் 220. பரண், கட்டிலடி, பால்கனி எல்லாம் நிரம்பிவிட்டன. பரணின் அடிப்பக்கம் மெல்லிய கீறல் தெரிகிறது. அடுத்த மாதம் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். "புத்தகமா, பேரனா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்கிறாள் மனைவி. இன்னும் இரண்டு அலமாரி செய்யலாமா? ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்கு அனுப்பலாமா? எடைக்குப் போட மனம் வரவில்லை. அலமாரி என்றால் கண்ணாடிக் கதவு போடுவது நல்லதா?

பதில்: இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் பரணைக் காலி செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பரண் என்பது பழைய பித்தளைப் பாத்திரமும் கொலு பொம்மையும் வைப்பதற்காகப் போட்ட மெல்லிய பலகை. கீறல் விட்ட பரணில் காகிதம் இருக்கக் கூடாது, அதன் கீழே கைக்குழந்தையைக் கட்டாயம் படுக்க வைக்கக் கூடாது. காலி செய்தபின் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நம்மில் பலர் புத்தகத்தை எண்ணிக்கையில் நினைக்கிறோம், எடையில் நினைப்பதில்லை. வீட்டு அலமாரியில் ஓர் அடி நீளத்துக்கு நிற்கும் புத்தகங்கள் பத்துக் கிலோவை நெருங்கும். பைண்டு வால்யூம் என்றால் பதினைந்து கிலோ. உங்கள் 3,000 புத்தகங்களும் நம் ஊர் வழக்கப்படி ஒல்லியானவை என்றே வைத்துக்கொள்வோம், அடிக்கு இருபது. அப்படியும் 150 அடி வருகிறது. வால்யூம்கள் இன்னொரு 36 அடி. கூட்டினால் ஏறத்தாழ இரண்டு டன்.

குடியிருப்பு அறைகளின் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்று கணக்கிட்டே இந்தியத் தரநிலைப்படி கட்டுகிறார்கள். நூலகங்களில் புத்தக அடுக்கு வைக்கும் அறைக்கு அதே தரநிலை சொல்வது 600 கிலோ. மூன்று மடங்கு! இதைக் கேட்டுத் தூக்கம் கெட வேண்டாம். சுவரை ஒட்டி ஓர் அடி ஆழத்தில் ஒற்றை வரிசையாக அலமாரி வைப்பதில் பொதுவாகத் தொல்லை வராது. அறை நடுவில் முதுகோடு முதுகாக அலமாரிகளை நிறுத்துவதும், பால்கனியில் இடுப்பளவுக்கு அடுக்குவதும்தான் வம்பு. பால்கனியில் இருப்பவற்றை எடைக்காக மட்டுமல்ல, ஐப்பசி கார்த்திகை மழைக்காகவும் உள்ளே எடுத்தாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளிலிருந்து ஊறிப்போன புத்தகங்களை அள்ளித் தெருவில் போட்ட காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் மாடியில் வெள்ளம் வராது, சாரல் வரும். காகிதத்துக்குச் சாரலே போதும்.

ஊர் வீட்டு யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். என்னிடம் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பெரிய வீடு, சும்மா கிடக்கிறது, வாடகை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆள் புழங்காத வீட்டுக்குள் போன புத்தகம் கரையானுக்கு வைத்த சாப்பாடு. எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில், இரண்டு வருடம் பூட்டிவைத்த அறையைத் திறந்தபோது நானும் கூட நின்றேன். அலமாரியில் புத்தக முதுகுகள் வரிசையாக, தலைப்பு வாசிக்கும்படி இருந்தன. ஒன்றை உருவியதும் முதுகு மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண். கரையான் வெளிச்சத்துக்கு வராது; சுவரோரம் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறி, உள்ளிருந்து தின்னும். வாரம் ஒருமுறையாவது ஒரு கண் பார்க்காத இடத்தில் காகிதத்தை வைக்கவே கூடாது.

சரி, இடக் கணக்குக்கு வருவோம். மூன்றடி அகலம், ஆறு தட்டு உள்ள அலமாரி ஒன்றில் 18 அடி நிற்கும். உங்களிடம் உள்ள 186 அடிக்குப் பத்து அலமாரிக்கு மேல் வேண்டும். 850 சதுர அடி வீட்டில் சன்னல், கதவு, கட்டில், பீரோ, பூஜை அலமாரி போக மிஞ்சும் சுவரில் ஆறு நிறுத்தினாலே பெரிய விஷயம். ஆக 108 அடிக்கு இடமிருக்கிறது, 78 அடிக்கு இல்லை. ஏறக்குறைய 1,500 புத்தகங்கள் வெளியே போக வேண்டும். "இன்னும் இரண்டு அலமாரி" என்ற கேள்விக்கு இந்தக் கழித்தல் கணக்குதான் பதில்.

எந்த 1,500? இங்கேதான் நல்ல சேகரிப்பாளர்களே சறுக்குகிறார்கள். கெட்டி அட்டை போட்ட பெரிய நாவலை வைத்துக்கொண்டு, நாலணா விலை போட்ட பொசுங்கல் நிறப் பிரசுரத்தைக் கழிக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. பெரிய எழுத்தாளர்களின் நாவல்கள் வருடா வருடம் மறுபதிப்பு வருகின்றன. நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். சங்க இலக்கியமும் காப்பியங்களும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இருக்கின்றன. அவை உங்கள் வீட்டை விட்டுப் போனால் தமிழுக்கு நட்டமில்லை, உங்களுக்கும் இல்லை. படிக்கத் தோன்றினால் நாளையே கிடைக்கும். ஊர்க் கோயில் தல வரலாறு, தேர்தல் துண்டுப் பிரசுரம், நாடகக் கம்பெனியின் பாட்டுப் புத்தகம், சினிமா பாட்டுப் புத்தகம், பள்ளி ஆண்டு மலர், நாலைந்து இதழோடு நின்றுபோன சிற்றிதழ், இவற்றையெல்லாம் யாரும் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை. 1959இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற இதழ்களின் உதிரிப் பிரதிகள் கட்டிலடியில் இருந்தால், கட்டிலை விற்றாவது அவற்றைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் பைண்டு வால்யூம்களும் இந்த இரண்டாம் வகைதான். 'பொன்னியின் செல்வன்' எந்தக் கடையிலும் கிடைக்கும். 1950இல் 'கல்கி'யில் அது தொடராக வரத் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களோடு, பக்கத்திலேயே சோப்பு விளம்பரத்தோடு இருக்கும் தாள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. அந்தக் காலத்தில் நம் அம்மாக்களும் அத்தைகளும் ஊசி நூலால் தைத்து வைத்தவைதான் இன்று ஆய்வாளர் தேடி வரும் ஆவணம். ஒரு வருத்தம் என்னவென்றால், பைண்டர்கள் பலர் மேலட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் "வேஸ்ட்" என்று கழற்றிப் போட்டுவிட்டு ஓரத்தையும் மிஷினில் வெட்டிவிடுவார்கள். இனி எதையும் புதிதாக பைண்டு செய்யக் கொடுக்காதீர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் கழன்றுவிடும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் நிறைய உண்டு, வெளிச்சம் பட்டால் மஞ்சளித்து நொறுங்கும். வெயில் படாத சுவரோரம் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கழிக்க முடியாது. பட்டியல் போடுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பாண்டு, அவ்வளவு போதும். வங்கிக்காரருக்கு லெட்ஜர் எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 60 எழுதினால் 50 நாள். மகள் அதற்குள் வந்துவிடுவாள், அதனால் முதலில் இரட்டைப் பிரதிகளையும், பழைய பாடநூல், போட்டித் தேர்வு நூல்களையும், நேற்று வந்த மறுபதிப்புகளையும் பிரித்துவிடுங்கள். இரட்டைப் பிரதி இல்லை என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பட்டியல் போடும்போது, தன்னிடம் இருப்பது மறந்துபோய் ஒவ்வொரு சனவரிப் புத்தகக் காட்சியிலும் வாங்கியது வெளியே வரும்.

வெளியே போகிறவை எங்கே போக வேண்டும்? அரிய பிரசுரங்களில் உங்களிடம் தங்காதவை இருந்தால், மூட்டை கட்டிக்கொண்டு எந்த நூலக வாசலிலும் போய் நிற்காதீர்கள். பட்டியலை முதலில் அனுப்புங்கள். தங்களிடம் இல்லாததை அவர்களே பொறுக்கிச் சொல்வார்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்ததே ஒரு வீட்டில் நிரம்பி வழிந்த சேகரிப்பிலிருந்துதான். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா செட்டிநாட்டுக் கோட்டையூரில் தன் வீட்டில் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை அவை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையிலேயே அது நூலகமாயிற்று. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையாது. பல சேகரிப்புகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பழைய பேப்பர் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, எது என்ன என்று யாரும் அவர்களுக்கு எழுதிவைக்கவில்லை. எழுபதுகளில் இலங்கை வீரகேசரி வெளியிட்ட நாவல்கள் போன்ற ஈழத்துப் பதிப்புகள் இருந்தால், அவற்றை மின்வடிவாக்கும் 'நூலகம்' என்ற நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

சாதாரண நாவல், சிறுகதைகளுக்கு உங்கள் பகுதிக் கிளை நூலகம், அரசுப் பள்ளி, அடுக்ககத்து வாசகர் வட்டம் என்று பல வழி உண்டு. சிறைகளுக்காகவும் புத்தகம் வாங்குகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு போட்டு நன்கொடை வாங்கியதுண்டு. அங்கே நல்ல நிலையில் இருக்கும் புத்தகத்தைக் கொடுங்கள். நமக்கு வேண்டாத குப்பையை அடைபட்டுக் கிடப்பவன் தலையில் கட்டுவது தானமாகாது. விற்பதென்றால் மயிலாப்பூர் லஸ், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய புத்தகக் கடைக்காரர்களை வீட்டுக்கு அழைக்கலாம். பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். பாதிப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விடாமல், பிரித்துவைத்த மொத்தத்துக்கும் விலை பேசுங்கள். இல்லையென்றால் கிரீமை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் விட்டுப் போவார்கள். பூஞ்சை பிடித்ததும் நொறுங்கியதுமான பாடநூல்கள் எடைக்குப் போகட்டும். அதில் பாவம் ஒன்றுமில்லை.

இனி தச்சர் வேலை. பிளைவுட் முக்கால் அங்குலம் இருக்கட்டும், பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். தட்டின் நீளம் இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் நடுவில் தொய்யும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும் என்பது பொறியியல் கணக்கு. தச்சர் "ஒண்ணும் ஆகாது சார்" என்றுதான் சொல்வார். அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும். குளியலறைச் சுவரில் சாய்க்கவே கூடாது. மேல்பகுதியை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். குழந்தை எழுந்து நிற்கப் பழகும்போது முதலில் பிடிப்பது அலமாரித் தட்டைத்தான்.

குழந்தை என்றதும் முக்கியமான ஒன்று. புத்தகத்துக்கு இடையில் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே பொறுக்கி எடுத்துவிடுங்கள். நாப்தலீன் ஆவி பச்சைக் குழந்தைகளுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்களே உடைந்துவிடும். உருண்டையை வாயில் போட்டால் அதைவிட ஆபத்து. பதிலுக்கு வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கலாம், தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்குச் செய்துவந்த முறைதான். அதையும் குழந்தைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். முடிச்சைவிடப் பெரிய மருந்து துடைப்பதுதான்: மாதம் ஒருமுறை எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிரித்துக் காற்றாட விடுவது. இராமபாணப் பூச்சி கண்ட புத்தகத்தை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும், இல்லையென்றால் வியர்த்து நனைந்துவிடும். ஃபிரீசரில் இடம் கேட்குமுன் உங்கள் வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதிருக்கும் நிலைமையில் அது உங்கள் பாடு.

கண்ணாடிக் கதவு கேட்டிருந்தீர்கள். பார்க்க அழகு, தூசியும் அடங்கும். சென்னை ஈரக்காற்றில் மூடிய அலமாரிக்குள் புழுக்கம் சேர்ந்து பூஞ்சை வரும், அதனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். கீழ் இரண்டு தட்டுக்கு மட்டும், மேலும் கீழும் காற்றோட்டத் துளை விட்டு, பலகைக் கதவு போடச் சொல்லுங்கள். பேரன் தவழத் தொடங்க இன்னும் சில மாதம் இருக்கும். தச்சர் "நாளைக்கு முடிச்சிடறேன்" என்று சொல்லும் வேலைக்கு அந்தச் சில மாதம் சரியாக இருக்கும்.