முகூர்த்தம் வந்தால் மண்டபத்தைக் காலி செய்யணும்: கிளவுட் சந்தை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனம். இரவில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் வேலைகளுக்கு அமேசானின் ஸ்பாட் சர்வர்களை எடுக்கலாம் என்றிருக்கிறோம். அது ஏல முறை என்கிறார்கள். எவ்வளவு கேட்டால் படியும்?
(கோவை வாசகர்)

ஸ்பாட் என்பது கிளவுடில் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில்) சும்மா கிடப்பவற்றை, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு தள்ளுபடியில் தருவது. அது ஏலமாக இருந்த காலம் போய்விட்டது. ஆனால் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னமும் பலர் ஏலம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2009 டிசம்பரில் ஸ்பாட் தொடங்கியபோது ஒரு கேட்புத் தொகையை எழுதித் தர வேண்டியிருந்தது. சந்தை விலை அதைத் தாண்டினால் மெஷின் போய்விடும். அந்த அரைகுறை மணி நேரத்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். மெஷின் போகக் கூடாது என்று சிலர் வழக்கமான விலையைவிடப் பல மடங்கு கேட்டு வைப்பார்கள். பலரும் அப்படிச் செய்த நேரத்தில் விலை எகிறிவிடும். அந்த விலைகள் உண்மையில் தேவையும் வரத்தும் தீர்மானித்தவைதானா என்ற சந்தேகமும் இருந்தது. 2011-இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் பழைய விலைப் பட்டியல்களை அலசி, பெரும்பாலான நேரம் உள்ளே மறைந்திருந்த ஒரு அடிமட்ட விலைதான் ஆடிக்கொண்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2017 இறுதியில் அமேசான் முறையையே மாற்றியது. இப்போது விலை மெதுவாகத்தான் நகரும். எல்லாரும் நடப்பு விலையையே கொடுக்கிறோம்.

மிச்சம் இருப்பது 'அதிகபட்ச விலை' என்ற ஒரு கட்டம். அதைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் வழக்கமான ஆன்-டிமாண்ட் (பாதியில் பறிக்காத, முழு வாடகை) விலையே உச்சவரம்பாகிவிடும். கூடுதலாக எழுதினால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று நடப்பு விலையை ஒட்டி எழுதுவதுதான் ஆபத்து: விலை பத்துப் பைசா ஏறினாலும் மெஷின் போய்விடும். மைக்ரோசாஃப்ட் அஸூரில் இதே இடத்தில் −1 என்று போட வேண்டும். விலைக்காக வெளியேற்றாதே என்று அதற்கு அர்த்தம்.

இதைவிட முக்கியமானது, இன்றைக்கு மெஷின் பறிபோவது பெரும்பாலும் விலையால் அல்ல, இடநெருக்கடியால். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தைப் பாதி வாடகைக்கு எடுத்த மாதிரி. கல்யாணப் பார்ட்டி வந்து நின்றால், நீங்கள் எவ்வளவு தருகிறேன் என்றாலும் காலி செய்துதான் ஆக வேண்டும். ஆகவே விலையில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதைவிட, எடுக்கும் இடத்தை விரித்து வைப்பதுதான் பாதுகாப்பு. ஒரே வகை மெஷினைப் பிடித்துத் தொங்காமல், உங்கள் வேலைக்குப் பொருந்தும் எட்டுப் பத்து வகைகளைப் பட்டியலில் சேருங்கள். மும்பையின் எல்லா ஸோன்களையும் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகள்) திறந்து விடுங்கள். ஒதுக்கீட்டு முறையில் விலையையும் இருப்பையும் சேர்த்துப் பார்க்கும் 'பிரைஸ்-கப்பாசிட்டி-ஆப்டிமைஸ்டு' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'லோயஸ்ட் பிரைஸ்' என்ற பெயர் ஆசை காட்டும். ஆனால் அது நெருக்கடி எங்கே என்று பார்க்காமல் மலிவான இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். எடுக்கும் முன் 'ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் அட்வைசர்' பக்கத்தில் அந்த வகையின் தடங்கல் விகிதத்தைப் பாருங்கள். 5 சதவீதத்துக்குக் கீழ் என்றிருந்தால் நிம்மதி. 20-க்கு மேல் என்றால் தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: 700 கோடி பாராமீட்டர் கொண்ட ஒரு மொழி மாடலை முழுமையாகப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். மலிவு ஸ்பாட் ஜிபியு (ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) எடுத்திருந்தேன். ஒன்பதாவது மணி நேரத்தில் மெஷினை எடுத்துக்கொண்டார்கள். டிஸ்க்கும் போய்விட்டது. இதைத் தவிர்க்க வழி உண்டா?
(ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

உண்டு. முதலில் டிஸ்க். மெஷினோடு சேர்ந்து வரும் ரூட் டிஸ்க், மெஷின் அழியும்போது தானும் அழியும்படிதான் டீஃபால்ட்டாக இருக்கும். தனி டிஸ்க் மாட்டினாலும் சிக்கல் தீராது: அது ஒரு ஸோனுக்குள் மட்டுமே இருக்கும். மாற்று மெஷின் பக்கத்து ஸோனில் கிடைத்தால் அதில் மாட்ட முடியாது. எனவே செக்பாயின்ட் (பயிற்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதன் சேமிப்பு) போக வேண்டிய இடம் அமேசானின் எஸ்3 போன்ற பொதுச் சேமிப்பு. வேறு பகிர்வு டிஸ்க்கில் எழுதுவதாக இருந்தால் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதியில் அறுந்த ஃபைலை 'கடைசி செக்பாயின்ட்' என்று நம்பி, அடுத்த ஓட்டம் தொடக்கத்திலேயே விழுந்துவிடும்.

அடுத்து, எச்சரிக்கை நேரத்துக்குள் சேமித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அமேசான் 2 நிமிடம் தருகிறது. கூகுளும் அஸூரும் 30 விநாடி. உங்கள் மாடலைக் கணக்குப் போடுவோம். எடைகள் (பாராமீட்டர்களின் மதிப்புகள்) 4 பைட், ஆடம் (எடைகளைத் திருத்திக்கொண்டே போகும் ஆப்டிமைசர்) வைத்திருக்கும் இரண்டு சராசரிகள் தலா 4 பைட்: பாராமீட்டருக்கு 12 பைட், மொத்தம் 84 ஜிபி. அமேசானின் 'ஜிபி3' (gp3) என்ற வகை டிஸ்க் எதுவும் மாற்றாமல் விட்டால் விநாடிக்கு 125 எம்பி எழுதும். 84 ஜிபிக்கு 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு நிமிடத்தில் 15 ஜிபிதான் தேறும். 30 விநாடியில் நாலு ஜிபிகூடத் தேறாது. முழுப் பயிற்சிக்கு எச்சரிக்கையை நம்ப முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. லோரா முறையில், முழு மாடலையும் தொடாமல் அதோடு ஒட்டும் சில நூறு எம்பி துண்டை (அடாப்டர்) மட்டும் பயிற்றுவித்தால் கதை வேறு. அது 30 விநாடியிலும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆக, இடைவெளி விட்டுச் சேமித்துக்கொண்டே போவதுதான் வழி. எவ்வளவு இடைவெளி? ஒருமுறை சேமிக்க ஆகும் நேரத்தையும் இரண்டு தடங்கல்களுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 2 நிமிடம், சராசரியாக 10 மணி நேரத்துக்கு ஒரு தடங்கல் என்று வையுங்கள்: 2 × 2 × 600 = 2,400; வர்க்கமூலம் 49 நிமிடம். இந்தக் கணக்கில் சேமிப்பதற்குச் சுமார் 4 சதவீத நேரமும், தடங்கலில் இழந்து திரும்பச் செய்வதற்கு இன்னொரு 4 சதவீதமும் போகும். 60, 70 சதவீதத் தள்ளுபடிக்கு அது பெரிய விலை இல்லை. 'ஒவ்வொரு ஈபாக் முடிவிலும் சேமி' என்று எழுதிவிட்டு ஒரு ஈபாக் (முழு டேட்டாவையும் ஒருமுறை கடப்பது) பத்து மணி நேரம் ஓடினால்தான் உங்களுக்கு நேர்ந்தது நேரும். செக்பாயின்ட்டில் எடைகளோடு ஆப்டிமைசர் நிலை, கற்றல் வேக அட்டவணை, டேட்டாவில் எந்த இடத்தில் நின்றோம் என்பது, ரேண்டம் சீடு (தற்செயல் எண்களின் தொடக்க எண்) எல்லாம் இருக்கட்டும். எடை மட்டும் சேமித்தால் பயிற்சி தொடர்வது போலத் தெரியும். ஆனால் லாஸ் (மாடலின் பிழை அளவு) திடீரென்று குதிக்கும்.

எச்சரிக்கையைக் கேட்கும் ஸ்கிரிப்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அமேசானில் மெஷினுக்குள்ளிருந்து 169.254.169.254 முகவரியை 5 விநாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். அறிவிப்பு இல்லையென்றால் 404 ('அப்படி எதுவும் இல்லை') என்ற பதில் வரும். புதிய முறையில் முதலில் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும். டோக்கன் இல்லாமல் கேட்டால் 401 ('அனுமதி இல்லை') வரும். '200 (சரி என்ற பதில்) வராவிட்டால் ஒன்றுமில்லை' என்று எழுதிய ஸ்கிரிப்ட் அதையும் 'ஆபத்தில்லை' என்றே எடுத்துக்கொள்ளும். டோக்கனின் ஆயுளும் அதிகபட்சம் 6 மணி நேரம்தான். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வாங்கினால் ஏழாவது மணி நேரத்திலிருந்து உங்கள் காவலாளி செவிடு.

புதிய கணக்கில் ஜிபியு எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பாட் வரம்பு தனி, ஆன்-டிமாண்ட் வரம்பு தனி. இரண்டும் மெஷின் எண்ணிக்கையில் அல்ல, விசிபியு (வாடகை மெஷினின் செயலி அலகு) எண்ணிக்கையில் கணக்காகும். ஒன்றை உயர்த்திக் கேட்டு வாங்கிவிட்டு மற்றதில் முட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எங்கள் இணையக் கடையை ஸ்பாட்டில் ஓட்டலாமா?
(சேலம்)

டேட்டாபேஸை வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்கும் வெப் சர்வர்களை ஓட்டலாம், அவை எதையும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்றால் மட்டும். குறைந்தது இரண்டு மெஷின்களை ஆன்-டிமாண்டில் நிறுத்தி, அதற்கு மேல் வரும் கூட்டத்துக்கு ஸ்பாட் வையுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஓர் எண் உண்டு. அமேசான் லோடு பேலன்சர் (வரும் கோரிக்கைகளை மெஷின்களுக்குப் பங்கிடுவது) ஒரு மெஷினை விலக்கும்போது, ஏற்கெனவே வந்த கோரிக்கைகள் முடிய டீஃபால்ட்டாக 300 விநாடி காத்திருக்கும். ஸ்பாட் எச்சரிக்கை வந்த பிறகு உங்கள் கையில் இருப்பதோ 120. அதனால் வண்டியில் பொருளைப் போட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்குப் பிழைப் பக்கம் வரும். அந்தக் காத்திருப்பை 90 விநாடிக்கு இறக்குங்கள்.

கேள்வி: மூன்று வருட ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் (நீண்ட காலத்துக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டு தள்ளுபடியில் பெறும் மெஷின்) வாங்கிவிட்டோம். தொழில் சுருங்கிவிட்டது. மீதிக் காலத்தை வேறு யாருக்காவது விற்க முடியுமா?
(சென்னை)

அமேசானில் இதற்கென்றே 2012 முதல் ஒரு மறுவிற்பனைச் சந்தை இருக்கிறது. 'ஸ்டாண்டர்டு' வகையை மட்டும்தான் விற்கலாம். 'கன்வர்ட்டிபிள்' (இடையில் வேறு மெஷின் வகைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய) வகைக்கு அங்கே இடமில்லை. வாங்கி 30 நாள் ஆகியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். தரகு 12 சதவீதம். சிறப்புத் தள்ளுபடியில் வாங்கியதை 2024 ஜனவரி முதல் விற்க விடுவதில்லை. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வேறொரு நிபந்தனையில்: விற்பவருக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் கிளவுட் கணக்கு அமேசானின் இந்தியப் பிரிவின் கீழ் இருந்தால், அது இருந்தும் விற்க முடியாது.

விற்க வழியில்லையென்றால் உள்ளேயே பங்கிட வழி பாருங்கள். ரீஜன் (மும்பை போன்ற ஓர் இடத்தின் எல்லா ஸோன்களும்) அளவிலான லினக்ஸ் ரிசர்வேஷன் என்றால், அதே மெஷின் குடும்பத்தில் அளவு மாறினாலும் தள்ளுபடி ஒட்டிக்கொள்ளும். லார்ஜுக்கு 4 அலகு, எக்ஸ்லார்ஜுக்கு 8. ஒரு எக்ஸ்லார்ஜுக்கு வாங்கியது இரண்டு லார்ஜைத் தாங்கும். சகோதர நிறுவனம் ஏதாவது இருந்து, இரண்டு கணக்குகளும் ஒரே பில்லின் கீழ் வந்தால் மிச்சம் தானாகவே அங்கே போய்விடும். சேவிங்ஸ் பிளான் (மணிக்கு இவ்வளவு செலவழிப்போம் என்று ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறுவது) வாங்கியவர்களுக்கு மறுவிற்பனையே கிடையாது. மணிக்கு 100 டாலருக்கு மேற்படாத பிளானை, வாங்கிய 7 நாளுக்குள், அதே மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: மின்சாரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. கிளவுடுக்கு ஏன் அப்படி ஒரு பொதுச் சந்தை இல்லை?
(திருச்சி)

முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பங்குச் சந்தை நிறுவனமான டாய்ச்ச போர்ஸ 2015-இல் ஒரு கிளவுட் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மறு வருடமே அது மூடப்பட்டது.

ஒரு யூனிட் மின்சாரம் காற்றாலையில் வந்தாலும் நெய்வேலியில் வந்தாலும் மிக்ஸிக்கு ஒன்றுதான். ஒரு விசிபியு அப்படியில்லை. இன்டெல் மெஷினில் அது பெரும்பாலும் ஒரு கோரின் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) பாதி; ஏ.ஆர்.எம் மெஷினில் முழுக் கோர். அதோடு, உங்கள் டேட்டா ஒரு நிறுவனத்தில் இருக்கும்போது பக்கத்து நிறுவனத்தில் கணினி நேரம் மலிவு என்பதால் என்ன பயன்? டேட்டாவை வெளியே எடுக்க ஜிபி கணக்கில் காசு கேட்பார்கள். சரக்கு ஒரே தரமாக இருந்து, வண்டி வாடகையும் குறைவாக இருந்தால்தான் சந்தை கூடும். இங்கே இரண்டுமே இல்லை.

கேள்வி: எங்கள் துறையில் 4 ஜிபியு, 30 மாணவர்கள். தினமும் சண்டை. இந்தச் சந்தை முறை கல்லூரிக்குள் உதவுமா?
(துறைத் தலைவர், மதுரை)

உதவும், கிளவுட் வருவதற்கு முன்பே உதவியிருக்கிறது. ஹார்வர்டில் பிடிபி-1 என்ற அந்தக் காலக் கணினியின் நேரத்தை ஏலத்தில் பங்கிட்ட முறையைக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் 1968-இல் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப 'யென்' என்ற பெயரில் உள்ளூர்ப் பணம். அதை வைத்து நேரத்தைக் கேட்க வேண்டும். உண்மைக் காசு இல்லை என்பதுதான் அதன் அழகு.

உங்களுக்கு ஏலம்கூட வேண்டாம், இரண்டு விலை போதும். வாரத்துக்கு 4 × 168 = 672 ஜிபியு மணி. காலை 9 முதல் இரவு 9 வரை மணிக்கு 2 டோக்கன், மற்ற நேரம் 1. மொத்த மதிப்பு 1,008. ஆளுக்கு வாரம் 30 டோக்கன் கொடுத்தால் 900. மிச்சம் 108 வகுப்புக்கும் பராமரிப்புக்கும். கையில் டோக்கன் குறைந்ததும் நீண்ட வேலைகள் தாமாகவே ராத்திரிக்கு நகரும்.

கெடுவது மூன்று இடத்தில். சேர்த்து வைத்துப் புராஜெக்ட் ரிவ்யூ வாரத்தில் எல்லாரும் ஒரேயடியாகச் செலவழிப்பார்கள். டோக்கன் இரண்டு வாரத்தில் காலாவதியாகட்டும். பதிவு செய்துவிட்டு வர மாட்டார்கள். 6 மணி நேரம் முன்னால் ரத்து செய்தால் முழு டோக்கன் திரும்பும், இல்லையேல் கிடையாது என்று வையுங்கள். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: ஜூப்பிட்டர் நோட்புக்கை (பிரவுசரில் நிரல் எழுதி அங்கேயே ஓட்டும் பக்கம்) திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஜிபியு சும்மா இருக்கும், மெமரி மட்டும் பிடிபட்டிருக்கும். பயன்பாடு 30 நிமிடம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேலையை நிறுத்திவிடும் சிறு ஸ்கிரிப்ட் போடுங்கள்.

யாரும் பதிவு செய்யாத மணிகளை இலவச வரிசைக்கு விடுங்கள், பதிவு செய்தவர் வந்தால் உடனே விலக வேண்டும் என்ற நிபந்தனையோடு. செக்பாயின்ட் எழுதும் பழக்கம் மாணவர்களுக்கு அங்கேதான் வரும். நோட்புக் இல்லாமல் வரிசையில் போட்டு ஓட்டும் வேலைகள் மட்டும்தான் என்றால் டோக்கனே வேண்டாம். வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளின் ஃபேர்-ஷேர் போதும்: அதிகம் பயன்படுத்தியவரைப் பின்னுக்குத் தள்ளும், பழைய பயன்பாட்டின் கனம் டீஃபால்ட்டாக 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.

கேள்வி: தனியாட்கள் தங்கள் ஜிபியுவை வாடகைக்கு விடும் தளங்களில் விலை மிகக் குறைவு. மருத்துவமனை ஸ்கேன் படங்களை அங்கே வைத்துப் பயிற்றுவிக்கலாமா?
(தஞ்சாவூர்)

கூடாது. மெஷின் யாருடையதோ அவரிடம்தான் அதன் சாவி. உங்கள் கன்டெய்னருக்குள் (அந்த மெஷினில் உங்கள் வேலை ஓடும் தனி அறை) இருப்பதை அவர் பார்க்க முடியும். பொதுவெளியில் கிடைக்கும் டேட்டாவைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கு மட்டும் எடுங்கள். வேலையை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் அழித்துவிட்டு வெளியே வாருங்கள்.