முகாம் வேண்டாம், முதலில் அந்த வகுப்புக்குப் போங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பினாங்கு, செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் நான்காம் படிவ மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பேசினால் மற்ற பிள்ளைகளுக்கும் அந்த எண்ணம் வந்துவிடும் என்று, யாரும் வாய் திறக்கக்கூடாது என வாய்மொழி உத்தரவு. பிள்ளைகளோ வாட்சாப்பில் விடிய விடியப் பேசுகிறார்கள். இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்திய மாணவர்களுக்கு இரண்டு நாள் தன்முனைப்பு முகாம் நடத்த நினைக்கிறது. பெற்றோரின் தியாகத்தை உணர்த்துவது, கடைசியில் பாத பூசை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்று, அவளுடைய நெருங்கிய தோழி இப்போது யாரோடும் பேசுவதில்லை. அவளிடம் எப்படிப் பேசுவது?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது. அந்தத் தோழியோடு நாளைக்கே பேசுங்கள். இறந்தவளின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள். அவள் பேசும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: "உனக்கும் செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

நம்மில் பலர் "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டியே?" என்றுதான் கேட்போம். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் "இல்லை" என்றுதான் சொல்லும். நாம் அதைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியும். கேட்பதாலேயே எண்ணம் முளைத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு உளைச்சல் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அவள் "ஆமாம்" என்றால் பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து தராதீர்கள். "இதை நான் மட்டும் வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அவளைத் தனியே விடாமல் ஆலோசக ஆசிரியரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவள் சம்மதித்தால், கூடவே இருங்கள். வீட்டில் மலாய் பேசாத பிள்ளைக்கு இதையெல்லாம் மலாயில் சொல்ல வராது. அன்றைக்கே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இன்றிரவு அவளோடு யார் இருப்பார்கள், ஆபத்தான பொருட்களை வீட்டில் யார் எடுத்து வைப்பார்கள் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். எப்படி, எப்போது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். வீடே பிரச்சினை என்றால் வன்முறை, கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவும் அரசின் தாலியான் காசே எண்ணான 15999ஐ ஆலோசகரோடு சேர்ந்து அழையுங்கள்.

அடுத்து, அந்த வாய்மொழி உத்தரவு. எதைப் பற்றியும் பேசாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. ஆனால் எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்றும் இல்லை. ஒரு தற்கொலை மற்ற இளையோரைப் பாதிப்பது உண்மை. எப்படி நடந்தது என்ற விவரமும், இறந்தவரைப் போற்றி உயர்த்தும் பேச்சும், 'ஒரே காரணம்' சொல்லும் கதைகளும்தான் அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன. பள்ளி மௌனமாக இருந்தால் அந்த இடத்தை வாட்சாப் எடுத்துக்கொள்ளும். அங்கே இந்த மூன்றைத் தவிர வேறு என்ன இருக்கும்?

சபைகூடலில் அறிவிக்காதீர்கள். அந்த வகுப்புக்கு, அவர்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் போகட்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதிய நாலு வரியை எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி சொல்லட்டும். குடும்பம் காரணத்தை வெளியிட விரும்பாவிட்டால் இறப்பை மட்டும் சொல்லலாம், வதந்தி பரப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் கழிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், இப்போதும் செய்யலாம். அவளுடைய நாற்காலியை என்ன செய்வது என்று வகுப்புப் பிள்ளைகளிடமே கேளுங்கள். விபத்தில் போன மாணவனுக்கு என்ன செய்வீர்களோ அதையே இவளுக்கும் செய்யுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். நெருங்கிய தோழிகள், அவளோடு சண்டை போட்டவர்கள், முன்பே முயற்சி செய்தவர்கள் என்று ஒரு பட்டியல் ஆலோசகர் கையில் இருக்க வேண்டும்.

முன்பே முயற்சி செய்தவர்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. சுகாதார அமைச்சின் 2022 ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களில் 9.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். 2017இல் அது 6.9. உங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 வரை தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. அந்த ஆண்டில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று 'காய்ச்சல்' என எழுதிக்கொடுத்து மூடி மறைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் மாறிவிட்டதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

சரி, முகாம். இப்படிப்பட்ட முகாம்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, "உன் அம்மா சாப்பிடாம உனக்குச் சோறு போட்டா" என்று பேச்சாளர் குரல் தழுதழுக்க, மண்டபமே கதறும். நடத்துகிறவர்கள் நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள். ஆனால் சாக நினைக்கும் பிள்ளைகள் பலருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணம், 'நான் எல்லாருக்கும் பாரம், நான் இல்லாவிட்டால் வீட்டில் நிம்மதி' என்பதுதான். அந்தப் பிள்ளையிடம் போய் அம்மா பட்ட கஷ்டங்களை வரிசையாகச் சொன்னால் அதன் காதில் என்ன விழும்? தோழியை இழந்து ஒரு மாதமாக நிம்மதியாகத் தூங்காதவளை அந்த மண்டபத்தில் உட்கார வைக்காதீர்கள். தயவுசெய்து இதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள். இந்திய மாணவர்களை மட்டும் தனியே பிரித்து உட்கார வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இறந்தவளுக்கு மலாய், சீனத் தோழிகளும் இருந்திருப்பார்கள்.

பதிலுக்கு என்ன? ஐரோப்பாவின் பத்து நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மூன்று வழிகளை ஒப்பிட்ட ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி, மாணவர்களைச் சோதித்து வல்லுநரிடம் அனுப்புவது, மாணவர்களே கூடிப் பேசி நடித்துப் பார்க்கும் சில மணி நேர வகுப்புகள் என்பவை அந்த மூன்றும். ஓராண்டுக்குப் பின், மூன்றாவது வழியில் போன பள்ளிகளில்தான் புதிய தற்கொலை முயற்சிகள், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மற்றப் பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. அங்கே பேசியது பிள்ளைகள். நண்பன் இப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வேன், எந்தப் பெரியவரிடம் போவேன் என்று நடித்துப் பார்த்தார்கள். முகாமுக்கு ஒதுக்கிய பணத்தை, பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துச் சில வாரங்கள் இப்படி நடத்தச் செலவிடலாம். மனம் நொந்தவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் தன்னார்வ அமைப்பான பிஃபிரெண்டர்ஸிடம் வழி கேளுங்கள். கோலாலம்பூரில் 1970 முதல் இயங்குகிறார்கள், பினாங்கிலும் இருக்கிறார்கள். அவர்களின் 03-76272929 எண்ணையும், அரசின் மனநல எண்ணான 15555ஐயும் எல்லாக் கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் படிக்க முடிந்த இடம் பள்ளியில் அது ஒன்றுதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நான் வந்தால் உதவியாக இருக்குமென்றால் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். அதற்கு முன் அந்தத் தோழியிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.