மூணு வியாதியா, ஒண்ணா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ. ஒரு வருடமாகச் சாப்பாடு சுருங்கிக்கொண்டே வருகிறது, ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து முக்கால் மணி நேரம் தின்கிறாள், கேட்டால் வயிறு உப்புசம் என்கிறாள். யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டு போகிறாள். ராத்திரி அழுகை, சாப்பிட்ட தட்டைப் பத்துத் தடவை கழுவல். ஒரு டாக்டர் அனோரெக்ஸியா (எடை ஏறிவிடுமோ என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்) என்றார், இன்னொருவர் டிப்ரெஷன் (மனச்சோர்வு) என்று மாத்திரை கொடுத்தார், மூன்றாமவர் ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்) என்கிறார். "என் பிள்ளைக்கு மூணு வியாதியா? எதை முதலில் பார்ப்பது?"

அம்மா, மூன்று பேருமே தப்பாகச் சொல்லவில்லை. அனோரெக்ஸியாவோடு மனச்சோர்வு, பதற்றம், ஓசிடி இதில் ஏதாவது ஒன்று சேர்ந்து வருவது சகஜம். ஆனால் எது தனி நோய், எது பட்டினி செய்கிற வேலை என்று இந்த நிலையில் பிரிப்பது கஷ்டம். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், நல்ல திடமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்களும் சிடுசிடுத்தார்கள், சோர்ந்தார்கள், யாரோடும் சேராமல் ஒதுங்கினார்கள், கொஞ்சூண்டு சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். உங்கள் மகளின் இட்லி ஞாபகம் வருகிறதா?

அதனால் முதலில் சாப்பாடு. உடம்பு இவ்வளவு மெலிந்திருக்கும்போது டிப்ரெஷன் மாத்திரை பெரும்பாலும் சரியாகப் பிடிக்காது, 'மாத்திரை கேட்கட்டும், அப்புறம் சாப்பிடுவாள்' என்று காத்திருந்தால் காலம்தான் போகும். அதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சீட்டில் பூப்ரோப்பியான் என்று இருந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள், இந்த நோய் உள்ளவர்களுக்கு அதில் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

சாப்பாடு என்றதும் ஒரு களி உருண்டையை முழுசாக முன்னால் வைத்துவிடாதீர்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பார்த்துவிட்டு, எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று அவர்களிடமே கேளுங்கள். மயக்கம் வந்தாலோ நாடி ரொம்ப மெதுவாக இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். 'வயிறு உப்புசம்' என்பதை வைத்து கேஸ் மாத்திரையோடு அனுப்பிவிட்டால் விடாதீர்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் குண்டாகிவிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

சரி, கூட வந்திருக்கும் நோய்களை எப்படிப் பிரிப்பது? ஒரு நோட்டில், இளைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். ஏழெட்டு வயதில் ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுதினாளா, கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவில் உட்காரப் பயந்தாளா, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாளா? பதற்றமும் ஓசிடியும் பல பேருக்குச் சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கும், அப்படி இருந்தால் எடை ஏறினாலும் தானாகப் போகாது, தனியாகச் சிகிச்சை வேண்டும். தட்டு கழுவுவது இந்த ஒரு வருடத்தில்தான் வந்தது என்றால், உடம்பு தேறும்போது அதுவும் தளர்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். மனசு தெளிய மாதக்கணக்கில் ஆகும், எடை கொஞ்சம் ஏறியதும் 'இன்னும் ஏன் அழுகிறாய்' என்று கேட்காதீர்கள். (தாயத்து கட்டச் சொல்லும் உறவினரோடு சண்டை வேண்டாம், கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.)

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அனோரெக்ஸியாவும் மனச்சோர்வும் சேரும்போது தற்கொலை ஆபத்து நிஜமானது. 'சாகணும் போல இருக்கா' என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.